வாராவாரம் கழுவியும் சுண்டெலிக் கூண்டு நாறுகிறது, தப்பு எங்கே?

2022 பிப்ரவரி 6

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்று சுண்டெலிகள், மூன்றும் பெண், வாங்கிப் பதினேழு நாள் ஆகிறது. பெயர் பஞ்சு, மைனா, கடுகு. கூண்டு 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், மேலே கம்பி, கீழே பிளாஸ்டிக் தட்டு. மரத்தூள் இரண்டு விரல் உயரத்துக்குப் போட்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் மூன்றையும் ஒரு வாளியில் விட்டுவிட்டுக் கூண்டை முழுக்கக் காலி செய்து, சோப்பு போட்டுத் தேய்த்து, கிருமிநாசினி ஊற்றி அலசி, வெயிலில் காயவைத்துப் புதுத்தூள் போடுகிறேன். செவ்வாய்க்கிழமையே நாற்றம் ஆரம்பித்துவிடுகிறது. புதன்கிழமை அறைக்குள் வருபவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள்.

என் கணக்குப்படி வாரம் இருமுறை கழுவ வேண்டும். வேறு வழி உண்டா? "சுண்டெலி என்றாலே நாறும்" என்று சொல்ல வருபவர்கள் சிரமப்பட வேண்டாம், அதை வீட்டிலேயே சொல்லியாகிவிட்டது.

2022 பிப்ரவரி 8

பதில் சொன்ன எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறீர்கள்: நீ கழுவுவதால்தான் நாறுகிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. அழுக்கைக் கழுவாதே என்றால் என்ன அர்த்தம்? சரி, பார்த்துவிடுவோம் என்று இன்று வேண்டுமென்றே மறுபடி ஒருமுறை முழுசாகக் கழுவிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். உள்ளே விட்டதும் மூன்றும் சாப்பிடப் போகவில்லை, தூங்கப் போகவில்லை. ஓரம் ஓரமாக ஓடி, புதுத்தூள், கம்பி, ஏணி, தண்ணீர் பாட்டிலின் மூக்கு என ஒன்றுவிடாமல் சொட்டுச் சொட்டாக மூத்திரம் வைத்துக்கொண்டே போயின. அதிலும் கடுகு இரண்டு சுற்று. ஒரு வாரச் சரக்கை நான் ஒரு மணி நேரத்தில் துடைத்தால், அவை ஒரே ராத்திரியில் ஈடுகட்டிவிடுகின்றன.

தேடிப் படித்ததில் காரணம் பிடிபட்டது. சுண்டெலியின் மூத்திரத்தில் புரதம் நிறைய வெளியேறுகிறது. அந்தப் புரதம் வாசனை மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும், அதனால் ஒரு சொட்டின் மணம் நாள்கணக்கில் நிற்கும். காட்டுச் சுண்டெலிகளில் இந்தப் புரதக் கலவை ஆளுக்கு ஆள் வேறு. யார் வீடு, யார் இருக்கிறார்கள், யார் புதிது என்று எல்லாமே அந்தச் சொட்டில் இருக்கிறது. நான் கிருமிநாசினி ஊற்றும்போது வீட்டுப் பத்திரம் மொத்தத்தையும் கிழித்துப் போட்டிருக்கிறேன். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் கதை. இங்கே கொளுத்தினவனிடமே எலி குடியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்றிலிருந்து மாற்றம். ஈரமான மூலையை மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை அள்ளுவது. கூட்டை, அதாவது டிஷ்யூவைக் கிழித்து அவை கட்டி வைத்திருக்கும் அந்தப் பந்தை, தொடுவதில்லை.

2022 பிப்ரவரி 13

பாதி வெற்றி. கண்ணைக் கரிக்கும் அந்தக் காரநெடி குறைந்துவிட்டது. அது அம்மோனியா. மூத்திரத்தில் இருக்கும் யூரியாவைப் பாக்டீரியா உடைக்கும்போது வருவது. ஈரம் இருந்தால்தான் பாக்டீரியாவுக்கு வேலை ஓடும். ஆக, துடைத்து எடுக்க வேண்டியது ஈரத்தைத்தான்.

கோழிப் பண்ணை வைத்திருப்பவர் ஒருவர் கேட்டார், இரண்டு விரல் உயரத் தூள் எதற்குப் போதும் என்று. அவர்களிடம் ஆழ்கூளம் என்று ஒரு முறை உண்டே, தரையில் கூளத்தைக் கனமாகப் போட்டுக் கிளறி விட்டுக்கொண்டே இருப்பது. சுண்டெலிக்கும் அதே கணக்கு பொருந்துகிறது. 12 செ.மீ. உயரத்துக்குக் கூளம் போட்டேன். ஈரம் கீழே இறங்கிப் பரவிக் காய்ந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய விஷயம், மூன்றும் வளை தோண்ட ஆரம்பித்துவிட்டன. வாங்கிய நாளிலிருந்து கம்பியைக் கடித்துக்கொண்டிருந்த மைனா நேற்று கம்பிப் பக்கமே வரவில்லை. தட்டின் ஓரம் போதாமல் கூளம் வெளியே கொட்டுகிறது, அதற்குச் சுற்றிலும் அட்டை வைத்து அணை கட்டியிருக்கிறேன். அட்டையைத் தின்னுகின்றன. வாராவாரம் புது அணை.

மரத்தூள் பற்றியும் திட்டு வாங்கினேன், நியாயமான திட்டுதான். மாவு மாதிரித் தூள் சுவாசத்துக்குக் கெடுதல். இழைப்பில் வரும் சுருள் சீவல் தேவலை, அதிலும் தூசி நீக்கியது. வாசனை அடிக்கும் மரமாக இருந்தால் வேண்டவே வேண்டாம். சீடர், பதப்படுத்தாத பைன் போன்றவற்றின் ஆவி ஈரலில் மருந்தை உடைக்கும் நொதிகளைக் கூட்டிவிடும். இது 1967லேயே ஆய்வகத்தில் தெரிந்துவிட்டது. அந்தச் சீவலில் படுத்த எலிகளுக்கு மயக்க மருந்து கொடுத்தால் சீக்கிரம் எழுந்துகொண்டனவாம். நமக்கு மணக்கிற மரம் அதன் ஈரலுக்கு ஓவர்டைம். காகிதக் கூளம் வாங்கிக் கலந்திருக்கிறேன்.

மீதி நாற்றம் இருக்கிறது. அம்மோனியா இல்லை, வேறு ஏதோ, எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு வாடை. விளங்கவில்லை.

2022 பிப்ரவரி 14

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கூட்டுக்குப் பஞ்சு வைக்கலாமா என்று கேட்டவருக்கு "வைக்கலாம், நான் வைத்திருக்கிறேன்" என்று சொல்லியிருந்தேன். வைக்காதீர்கள். பஞ்சின் நார் காலில் சுற்றி இறுக்கிவிடும், விழுங்கினால் குடலில் அடைக்கும். இன்று காலை மைனாவின் பின்னங்காலில் ஒரு இழை சுற்றியிருந்ததைக் கத்தரிக்கோலால் எடுத்தேன், கை நடுங்கிவிட்டது. வாசனை போடாத டிஷ்யூ போதும். கிழித்துக்கூடக் கொடுக்க வேண்டாம், முழுசாகப் போட்டால் அவையே கிழித்துக்கொள்ளும், அதுதான் அவற்றுக்குப் பொழுதுபோக்கு.

(பஞ்சு என்ற எலியை வைத்துக்கொள்ளலாம். அதில் ஆபத்தில்லை.)

2022 பிப்ரவரி 16

சக்கரம். கூண்டோடு வந்தது 12 செ.மீ. விட்டம், கம்பிக்கம்பியாக. ஓடும்போது முதுகு வில்லாக வளைகிறது, வால் தலைக்கு மேல் போகிறது. எடுத்துவிட்டேன். இப்போது 20 செ.மீ., ஓடுதளம் முழுசாக மூடியது. கம்பி இடைவெளியில் கால், வால் மாட்டுகிற பயமில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கரகரவென்று ஒரு சத்தம், அச்சில் ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விட்டதும் நின்றது.

சக்கரம் சிறைப்பட்ட எலியின் பைத்தியம் என்று ஒருவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் 2014இல் வெளியான ஓர் ஆய்வுக்காக நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெட்டவெளியில் ஒரு சக்கரத்தை வைத்துக் கேமராவும் வைத்தார்கள். யாரும் அடைத்துவைக்காத காட்டுச் சுண்டெலிகள் தாமாக வந்து ஏறி ஓடிவிட்டுப் போயிருக்கின்றன. மூஞ்சூறும் தவளையும் கூட ஏறியிருக்கின்றன. நத்தையும். நத்தை எவ்வளவு தூரம் ஓடியது என்று கேட்காதீர்கள்.

ஓடிக்கொண்டே மூத்திரமும் போகும். கழுவியே ஆக வேண்டிய பொருள் கூண்டில் ஒன்று உண்டு என்றால் அது சக்கரம்தான்.

2022 பிப்ரவரி 19

எண்ணெய்ப் பிசுக்கு வாடைக்குப் பதில் கிடைத்துவிட்டது.

காலையில் கூட்டுப் பந்துக்குள்ளிருந்து ஊசி குத்துகிற மாதிரிக் கீச்சுச் சத்தம். ஓரத்தை லேசாக விலக்கிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக, விரல் நுனி அளவில், ஒரு குவியல். எண்ணியவரை பதினொன்று. பஞ்சு, மைனா இரண்டும் மாறி மாறி மேலே படுத்துப் பால் கொடுக்கின்றன. இரண்டும் ஒரே கூட்டில் ஈன்றிருக்கின்றன, எது யாருடையது என்று அவற்றுக்கே கவலையில்லை போலிருக்கிறது. கடுகு மட்டும் சக்கரத்துக்கு அடியில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

துடைத்துக்கொண்டிருந்தான். மூன்றும் பெண் என்று சொல்லிக் கொடுத்தார்கள், நானும் திருப்பிப் பார்க்கவில்லை. ஆண் சுண்டெலியின் மூத்திரத்துக்குத் தனி நெடி, பெண்ணுடையதைவிடப் பல மடங்கு. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று தெரிந்துதான் பெயர் வைத்தேனோ என்னவோ. பதிமூன்று நாளாக இங்கே கூளம், சோப்பு, மரம் என்று எழுதித் தள்ளியவன் அந்த எலியைக் கையில் எடுத்து அடிவயிற்றைப் பார்த்திருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும்.

2022 பிப்ரவரி 20

எல்லாரும் சிரித்து முடித்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். எப்படிப் பார்ப்பது என்று கேட்டவர்களுக்கு: பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பெண்ணுக்குக் கிட்டக்கிட்ட இருக்கும், ஆணுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தள்ளி இருக்கும். தனியாக ஒன்றைப் பார்த்தால் குழப்பும், இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். வளர்ந்த ஆணுக்கு விதைப்பை நன்றாகவே தெரியும், ஆனால் பயந்தால் உள்ளே இழுத்துக்கொள்வான். என்னுடையவன் கடைசிவரை இழுத்துக்கொண்டிருந்தான் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

கடுகுக்கு நேற்றே தனிக் கூண்டு. வளர்ந்த ஆண்கள் இரண்டு பேரை ஒன்றாகப் போட்டால் பெரும்பாலும் கடித்துக் குதறிக்கொள்ளும், பெண்களோடு போட்டால் என்ன ஆகும் என்பதை இப்போதுதான் பார்த்தோம். எலி வளையானாலும் தனி வளை என்று சொல்லி வைத்தவர் ஆண் சுண்டெலி வளர்த்தவராகத்தான் இருக்க வேண்டும். அவசரத்துக்குத் துணி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, மூடியில் சதுரமாக வெட்டிக் கம்பி வலை. அது போதும் என்று தோன்றுகிறது.

பெரிய கூண்டைப் பத்து நாள் தொடப்போவதில்லை. தீனி, தண்ணீர், சக்கரத்தைத் துடைப்பது மட்டும். புதிதாக ஈன்றவற்றின் கூட்டைக் கிளறினால் பயத்தில் குட்டிகளைத் தின்றுவிடக்கூடும். இரண்டு வாரம் முன்பு நான் வாரம் இருமுறை கழுவத் திட்டமிட்டிருந்தேன் என்பதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

2022 பிப்ரவரி 27

குட்டிகளுக்கு ரோமம் வந்துவிட்டது. கண் இன்னும் திறக்கவில்லை, பிறந்து 12 முதல் 14 நாள் ஆகும். எண்ணிக்கை இன்னும் பதினொன்றுதான்.

கொஞ்சம் திசைமாறிப் போகிறேன். ஒருவர் கேட்டார், இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் ஈன்றன என்று. இதிலும் வாசனைதான். பெண்கள் மட்டும் கூட்டமாக இருந்தால் சினைச் சுழற்சி அடங்கிக் கிடக்கும். 1955இல் வான் டெர் லீ, பூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கண்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஆணின் மூத்திர வாசம் பட்டால் மூன்றாம் இரவு வாக்கில் நிறையப் பெண்கள் ஒன்றாகப் பருவத்துக்கு வரும். இது 1956, விட்டன். 1959இல் ஹில்டா புரூஸ் கண்டது இன்னும் விசித்திரம். புதிதாகச் சினைப்பட்ட பெண்ணுக்கு வேறோர் அந்நிய ஆணின் வாசம் பட்டாலே போதும், அந்தச் சினை நிற்காமல் போய்விடும். வெறும் வாசம், ஆள் பக்கத்தில் வரவே வேண்டாம். இதையெல்லாம் படித்த பிறகு கிருமிநாசினி புட்டியைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்று. அக்கா கூண்டுப் பக்கம் போனால் வெளியே வந்து கம்பியில் நிற்கின்றன, நான் போனால் வளைக்குள் ஓடுகின்றன. தீனி போடுவது நான். இதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது, 2014. ஆண்கள் அறைக்குள் வந்தால், ஏன், ஆண் போட்டுக் கழற்றிய பனியனை வைத்தால்கூட, ஆய்வக எலிகளுக்குப் பதற்றம் ஏறுகிறது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் பழகிவிடுகிறதாம். ஆகவே இப்போது முதலில் அறையில் உட்கார்ந்து ஏதாவது படிக்கிறேன், அப்புறம்தான் கூண்டைத் திறக்கிறேன். வேலை செய்கிறது. அல்லது நான் உட்கார்ந்து படிப்பதால் எனக்குப் பொறுமை வந்திருக்கிறது.

2022 மார்ச் 5

கடுகு தப்பித்துவிட்டான்.

பிளாஸ்டிக் பெட்டி போதும் என்று எழுதியவன் நான்தான், பிப்ரவரி 20ஐப் பார்க்கவும். வழவழப்பான சுவரை எலியால் கடிக்க முடியாது, பல்லுக்குப் பிடிமானம் வேண்டும். மூடியை நான் வெட்டிய இடத்தில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதுவே பிடிமானம். வலையைப் பிளாஸ்டிக் கட்டுவாரால் கட்டியிருந்தேன், அதையும் கடித்திருக்கிறான். எலியின் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்த்தே ஆக வேண்டும், என் வாரைக் கடித்ததில் அவனுக்கு இரட்டை லாபம்.

ராத்திரி முழுக்கத் தேடினேன். சுவரோரம் கோதுமை மாவைத் தூவி வைத்ததில் கால்தடம் புத்தக அலமாரிக்குப் பின்னால் போனது. ஓர் ஆழமான வாளிக்குள் அவனுடைய பழைய கூளத்தையும் சூரியகாந்தி விதையையும் போட்டு, வெளியே புத்தகத்தைப் படிக்கட்டாக அடுக்கி வைத்தேன். காலையில் வாளிக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். விதை அப்படியே இருந்தது. தன் வாசம் பிடித்துத்தான் வந்திருக்கிறான் என்று நினைக்க ஆசை.

இப்போது வலை உள்பக்கம், நட்டு போல்ட், வாஷர், வெட்டிய விளிம்பு முழுக்க வலைக்கு அடியில். கம்பிக் கூண்டு வாங்குபவர்களுக்கும் ஒரு சொல்: இடைவெளி 6, 7 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பென்சில் நுழைந்தால் சுண்டெலியும் நுழையும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள், குட்டிகளுக்கு அதுவும் பெரிது. பெரிய கூண்டில் என் குட்டிகள் நாளை மறுநாள் ஓடத் தொடங்கும், அதனால் கீழ்ப்பாதி முழுக்க இன்று சன்ன வலை சுற்றினேன். விரலெல்லாம் கீறல்.

2022 மார்ச் 16

மைனா மறுபடி ஈன்றிருக்கிறாள். ஐந்து.

கடுகை அன்றைக்கே பிரித்துவிட்டேனே என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஈன்ற ஒரு நாளுக்குள் சுண்டெலி மறுபடி சினைப்படும். நான் அன்று காலை எழுந்து கீச்சுச் சத்தம் கேட்பதற்குள் காரியம் முடிந்திருக்கிறது. சினைக்காலம் 19 முதல் 21 நாள், ஆனால் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்குக் கரு பதிவது தள்ளிப்போகும். அதனால்தான் 25 நாள். "இனி வராது" என்று நான் மார்ச் 12 அன்று நிம்மதிப் பெருமூச்சு விட்டிருந்தேன்.

முதல் ஈற்றில் ஆண் ஆறு, பெண் ஐந்து. பத்து நாள் வாக்கில் பெண் குட்டிகளின் வயிற்றில் முலைக்காம்பு புள்ளி புள்ளியாகத் தெரியும், அப்போதே குறித்து வைத்துக்கொண்டேன். நாலு வாரத்தில் ஆண்களைத் தனியாக எடுத்துவிட வேண்டும். "இன்னும் குட்டிதானே" என்று விட்டால் ஐந்து, ஆறு வாரத்தில் அவர்களே அப்பாக்கள். ஒரு தவறைப் பதினாறாக்கிவிட்டேன், அதைப் பெருக்க வேண்டாம்.

2022 ஜூன் 12

பதினாறில் பதினாலு வீடு போய்ச் சேர்ந்தன. இரண்டு பெண்களை வைத்துக்கொண்டேன், தாய்களோடு நாலு பேர். கூண்டையும் 80க்கு 50 ஆக மாற்றியாகிவிட்டது. உயரமான மாடிக் கூண்டு கிடைத்தது, வேண்டாமென்றேன். அவற்றுக்குத் தரைதான் வேண்டும். அந்தக் கூண்டின் தளங்களும் வெறும் கம்பி, பாதம் புண்ணாகும்.

சிவப்புக் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குடில் ஒன்று வைத்திருக்கிறேன். சுண்டெலிக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. அவற்றுக்கு உள்ளே இருட்டு, எனக்கு உள்ளே நடப்பதெல்லாம் வெளிச்சம். ஒட்டுக்கேட்பது மாதிரிக் குற்ற உணர்ச்சி முதல் நாள் இருந்தது, இப்போது இல்லை.

வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், இதை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும். ஒரு குழாயை முன்னால் வைத்தால் தானாக நுழையும், குழாயோடு தூக்கலாம். இல்லையென்றால் இரு கையையும் கிண்ணமாகக் குவித்து எடுக்கலாம். வாலைப் பிடிப்பதைவிட இவை இரண்டிலும் பயம் குறைகிறது என்று 2010இல் நிறுவியிருக்கிறார்கள். டிஷ்யூ ரோலின் நடுவில் இருக்கும் அட்டைக்குழாய் இதற்கு அருமை, வேலை முடிந்ததும் தின்றும்விடலாம்.

2022 செப்டம்பர் 4

வீடு போன ஒரு பெண் எலி திரும்பி வந்திருக்கிறது, அவர்களால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. சொந்தத் தாய், சொந்த அக்கா தங்கைகள்தானே என்று அப்படியே உள்ளே விடலாமா என்றால், கூடாது. மூன்று மாதத்தில் வேறு வீட்டு வாசம் ஏறிவிட்டது, அவர்களைப் பொறுத்தவரை அந்நியள். முதல் மூன்று வாரம் வேறு அறையில் தனியாக வைத்தேன், தும்மல், சொறி, உண்ணி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க. அப்புறம் யாருக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டுமென்று குளியலறைத் தொட்டியில் ஐவரையும் விட்டேன். கொஞ்சம் விரட்டல், கொஞ்சம் கீச்சு, ரத்தம் இல்லை.

இங்கேதான் பிப்ரவரி 8 குறிப்பை நானே மறுக்க வேண்டியிருக்கிறது. பெரிய கூண்டை அன்று முழுக்கக் கழுவினேன். சக்கரம், குடில், ஏணி, எல்லாம். பழைய கூட்டையும் தூக்கிப் போட்டேன். பத்திரத்தைக் கிழிப்பதே நோக்கம் என்றால் கிழிக்கத்தான் வேண்டும், ஐவரும் ஒரே நேரத்தில் குடிபுகுந்தால் யாருக்கும் "என் வீடு" இல்லை. முதல் ராத்திரியே ஐந்தும் ஒரே பந்தாகத் தூங்கின.

கழுவும்போது ஒரு எச்சரிக்கை. மூத்திரம் படிந்த தட்டில் நேராகப் பிளீச் ஊற்றாதீர்கள், அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். நான் மூடிய குளியலறையில் ஊற்றிவிட்டு இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தேன். முதலில் தண்ணீர், சோப்பு. தட்டில் வெள்ளையாகப் படிந்திருக்கும் கறைக்கு வினிகரை ஊறவிட்டால் போதும், ஆனால் வினிகரையும் பிளீச்சையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், அதுவும் விஷம்தான்.

2022 நவம்பர் 20

பஞ்சு மூச்சுவிடும்போது டிக் டிக் என்று சத்தம். கையில் எடுத்துக் காதருகே வைத்தால் தெளிவாகக் கேட்கிறது. மருத்துவர் பார்த்தார், ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறையச் சுண்டெலிகளின் உடம்பில் மைக்கோபிளாஸ்மா கிருமி சும்மா இருக்கும், அம்மோனியா மூச்சுக்குழாயை அரித்தால் தலைதூக்கும் என்றார்.

அம்மோனியாவா, என் கூண்டிலா என்று வீடு வந்து கூளத்தைக் கிளறினேன். பாட்டிலின் பந்து வால்வு கசிந்து, மேலே காய்ந்த மாதிரி இருக்க, அடியில் ஒரு கை அகலத்துக்குச் சேறு. எத்தனை நாளாகவோ தெரியவில்லை. கழுவக் கூடாது, கழுவக் கூடாது என்று இங்கே உபதேசம் செய்து செய்து நானே சோம்பேறியாகிவிட்டேன், ஈர மூலையைக்கூட வாரம் ஒருமுறைதான் அள்ளிக்கொண்டிருந்தேன். அதிலும் கூண்டுக்கு மேலே நின்று மோந்து பார்த்து "நாற்றமே இல்லை" என்று திருப்திப்பட்டிருக்கிறேன். என் மூக்கு ஒன்றரை மீட்டர் உயரத்தில். அவள் மூக்கு கூளத்துக்குள்.

இப்போது நடைமுறை இது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். பாட்டில்கள் இரண்டு, தினமும் பந்தைத் தட்டிப் பார்ப்பது (கசிவது ஒரு ஆபத்து, காற்று அடைத்துத் தண்ணீரே வராமல் போவது அதைவிடப் பெரிய ஆபத்து). பாட்டிலுக்கு அடியில் மட்டும் கூளம் இல்லாமல் ஒரு ஓடு, கசிந்தால் உடனே தெரியும். ஈர மூலை இரண்டு நாளுக்கு ஒருமுறை, விரலை அடிவரை விட்டுத் தொட்டுப் பார்த்து. வாரம் ஒருமுறை சக்கரம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூளத்தில் பாதிக்கு மேல் புதிது, மிச்சம் பழசில் காய்ந்தது, கூட்டை அப்படியே எடுத்து அப்படியே திரும்ப. ஆய்வகங்களிலும் ஆண் எலிகளின் பழைய கூட்டுப் பொருளைப் புதுக் கூண்டுக்கும் எடுத்து வைத்தால் சண்டை குறைகிறது என்று பார்த்திருக்கிறார்கள், மூத்திரம் ஊறிய பழைய கூளத்தை எடுத்து வைத்தால் அப்படிக் குறைவதில்லை. எதை வைப்பது எதை எறிவது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குக் கிடைக்கவில்லை.

2022 நவம்பர் 21

கூளத்தை வீசும்போது கூட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த வெள்ளரித் துண்டு ஒன்று கிடைத்தது. கறுப்பாக இருந்தது. ஈரக் காய் கொடுத்தால் நகம் அளவு, மறுநாள் காலை மிச்சத்தைத் தேடி எடுங்கள். தானியம் பதுக்கினால் பதுக்கட்டும்.

2022 டிசம்பர் 11

டிக் டிக் நின்றுவிட்டது.

2023 அக்டோபர் 8

ரொம்ப நாளாக எழுதவில்லை. பஞ்சு ஆகஸ்டில் போனாள், கடுகு நேற்று. இருபத்திரண்டு மாதம் இருக்கும், சுண்டெலிக்குக் கிழ வயசுதான், ஒன்றரை முதல் இரண்டரை வருஷம்தான் அவற்றின் கணக்கு. கடைசி இரண்டு மாதம் அவன் கூண்டில் எல்லாவற்றையும் தரையில் இறக்கிவிட்டேன். ஏணி இல்லை, பாட்டிலைத் தாழ்த்தி, சக்கரத்தைக் கூளத்துக்குள் பாதி புதைத்து, ஏறாமலே நடந்து போகிற மாதிரி. ஓடமாட்டான், சக்கரத்துக்குள் உட்கார்ந்து தூங்குவான்.

ஆண் சுண்டெலி வேண்டாம், நாறும் என்று இங்கே நிறையப் பேர் சொல்கிறீர்கள். நாறும்தான். ஆனால் ஐந்து பெண்களும் ஒருவரோடு ஒருவர் வாழ்ந்தார்கள், என்னைத் தீனிக்காரனாகப் பார்த்தார்கள். அவன் தனியாள் என்பதால் என் சட்டைக் கைக்குள் வந்து தூங்கியவன். பிளாஸ்டிக் பெட்டியை இன்னும் கழுவவில்லை.

2024 மார்ச் 3

பெட்டியை ஒரு நண்பர் மகளுக்குக் கேட்டிருக்கிறார், இரண்டு பெண் சுண்டெலிகள் வாங்குகிறார்களாம். இரண்டுக்கு இது சின்னது, தற்காலிகமாக வைத்துக்கொள்ளுங்கள், 80க்கு 50 ஒன்று தேடுங்கள் என்று சொல்லிவிட்டேன். வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்தேன், சோப்பு போட்டேன், அலசினேன், நட்டுகளை மாற்றினேன். இன்னும் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு வாடை அடிக்கிறது, என் பிரமையாகவும் இருக்கலாம்.

நேற்று எலிகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். கொடுத்தவர் இரண்டும் பெண் என்று உறுதியாகச் சொன்னாராம். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பக்கத்தில் வைத்தும் பார்த்தேன். பெண்தான், இரண்டும். மூன்று வாரம் கழித்து ஒருமுறை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.